குடங்கர்: பானையும் குடிசையும்

பாம்போடு ஒரே குடிசையில் குடியிருப்பதைத் திருவள்ளுவர் உட்பகைக்கு உவமையாக்கினார். மனம் ஒத்துப்போகாதவரோடு நடத்தும் வாழ்வு அத்தகையது என்பது குறளின் கருத்து. அதில் குடிசையைக் குறிக்க அவர் ஆளும் சொல் 'குடங்கர்'. அகராதிகளோ அச்சொல்லுக்குக் குடிசை, குடம் என இரு பொருளும் தருகின்றன. பாம்பைப் பிடித்து வைத்துப் பிழைக்கும் ஒரு மக்கள்கூட்டத்தின் வரலாற்றை எழுதப் புகும் நமக்கு இந்த இருபொருள் பெரிதும் உதவுகிறது. பாம்புக்கு வாய்த்த குடம் எது, அதைப் பிடித்தவனுக்கு வாய்த்த குடில் எது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் பாம்பைச் சிறைவைக்கும் ஏற்பாடுகள் பலவாக இருந்திருக்கின்றன. பாம்பாட்டியின் மூங்கிற்கூடை எல்லோரும் அறிந்தது. தோளில் தூக்கி ஊர் ஊராகப் போவதற்கான ஏற்பாடு அது. அதில் பாம்பின் நலனுக்கு இடமில்லை. சென்னையை அடுத்த சேலையூரில் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய சிறிய பாம்புப் பண்ணை, 1972-இல் கிண்டிக்கு வந்து பாம்புப் பண்ணை அறக்கட்டளையாக வளர்ந்தது. பார்வையாளருக்கும் பாம்புக்கும் நடுவே சுவரும் கண்ணாடியும் வந்தன. நம் காலத்தில் பெருநகரங்களின் அடுக்ககங்களில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சிறு மலைப்பாம்புகளை மின்விளக்குச் சூடேற்றிய கண்ணாடித் தொட்டிகளில் செல்லமாக வளர்ப்போரும் பெருகியிருக்கின்றனர்.

சட்டம் இவர்களை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது குற்றம். அயல்நாட்டு உயிரினங்களுக்கோ 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024-இல் பதிவு விதிகளும் வந்தன. பட்டியலிட்ட உயிரினம் ஒன்றை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும். அது குட்டி போட்டாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். ஆக, ஓர் அயல்நாட்டு மலைப்பாம்புக்கு இன்று அரசுப் பதிவேட்டில் இடமுண்டு. இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும், பின்னால் தேவைப்படும்.

இனி இருளரிடம் வருவோம். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில், செங்கற்பட்டு, வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு மாவட்டங்களின் இருளர் இடம்பெறுகின்றனர். பழைய வடஆர்க்காட்டைச் சேர்ந்த பெரணமல்லூரைச் சுற்றிலும், ஆரணி, வந்தவாசி, செய்யாறு வட்டாரங்களிலும் இன்றும் அவர்களுடைய குடியிருப்புகள் உள்ளன. நெல் விளையும் பூமி இது. நெல்லைத் தேடி எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும், இரண்டையும் தேடி இருளர் வருவர். வரப்பைத் தோண்டி எலியைப் பிடித்து, அது வளையில் சேர்த்த நெல்லையும் மீட்டெடுப்பது அவர்களது தொழில்களில் ஒன்று.

பாம்பைப் பிடித்தல் ஒரு காலத்தில் தோலுக்காக நடந்தது. தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வாங்கின. வெளிநாட்டுக் கைப்பைகளாகவும் காலணிகளாகவும் அவை மாறின. பிடித்தவன் கைக்கு வந்தது சொற்பம். 1972-இன் சட்டமும், 1976-இல் தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் அந்த வணிகத்தை முடித்துவைத்தன. பாம்புக்கு அது விடுதலை. இருளருக்கோ, தலைமுறை தலைமுறையாகக் கற்ற அறிவு ஒரே நாளில் குற்றமாகிப்போன நிகழ்வு.

அந்த முட்டுச்சந்தில் பிறந்ததுதான் 1978-இல் பதிவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணையின் வளாகத்தில் அது இயங்கத் தொடங்கியது. பாம்பைக் கொன்று தோலை விற்பதற்குப் பதிலாக, உயிரோடு பிடித்து நஞ்சை எடுத்து விற்பது, பிறகு பாம்பைக் காட்டிலே விட்டுவிடுவது என்பது ஏற்பாடு. நல்லபாம்பு, கண்ணாடிவிரியன், கட்டுவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குதான் சங்கத்துக்குரிய பாம்புகள். எத்தனை பிடிக்கலாம் என்பதை வனத்துறை அனுமதியே தீர்மானிக்கிறது.

பிடிபட்ட பாம்பின் இருப்பிடம் ஒரு மண்பானை. பானையில் பாதியளவோ அதற்குக் குறைவாகவோ மணல். வாயில் காற்றுப் புகும் பருத்தித் துணி, இறுகக் கட்டியது. பானைகள் நிழலில் வரிசையாக இருக்கும். பார்க்க எளிமையானதே என்றாலும் இது பாம்பை அறிந்தவர்கள் வகுத்த ஏற்பாடு. பாம்புக்கு அஞ்சாத இடம் இருட்டான, ஒடுங்கிய, உடலை நாற்புறமும் தொட்டு அணைக்கிற இடம். புற்றும் எலிவளையும் அப்படிப்பட்டவையே. வெளிச்சமான அகன்ற கூண்டில் முட்டி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும் பாம்பு, பானைக்குள் சுருண்டு அடங்கிவிடும். சுட்ட மண் வெயிலின் சூட்டை மட்டுப்படுத்தும். உருண்ட உட்சுவரில் பற்றி ஏறப் பிடிமானம் இல்லை. உடைந்தால் வேறு பானை வாங்கச் செலவும் அதிகமில்லை.

அந்தப் பானைவாசம் மூன்று நான்கு வாரங்கள். வாரத்துக்கு ஒருமுறை பாம்பை வெளியே எடுத்து, கண்ணாடிக் குடுவையின் வாயில் கட்டிய மெல்லிய சவ்வைக் கடிக்கவிடுவர். சொட்டும் நஞ்சு உறையவைத்து உலர்த்தப்பட்டுத் தூளாகும். மருந்து நிறுவனங்கள் அதைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து நச்சுமுறி மருந்தாக்குகின்றன. தவணை முடிந்ததும் பாம்பின் அடிவயிற்றுச் செதிலில் சிறு வெட்டடையாளம் இட்டு விட்டுவிடுவர். விரைவிலேயே மறுபடி பிடிபட்டால் அடையாளம் காட்டிக்கொடுக்கும். இந்திய நச்சுமுறி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இந்தப் பானைகளிலிருந்தே போயிருக்கிறது. 2000 முதல் 2019 வரை நாட்டில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58 ஆயிரம். இந்த எண்ணிக்கையின் முன் வைத்துப் பார்த்தால்தான் பானையின் மதிப்பு விளங்கும்.

உலகில் வேறு முறைகளும் உண்டு. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் 1901-இல் நிறுவப்பட்ட புட்டான்டான் நிறுவனம் பாம்புகளை நிலையாக வைத்துப் பராமரிக்கிறது. அங்குள்ள பழைய திறந்தவெளிப் பாம்பகத்தில் பாம்புகளுக்கென்று கவிழ்த்த பானை போன்ற சிறு குமிழ்க்குடில்களைக் கட்டிவைத்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்களும் அந்தப் பக்கமே சாய்கின்றன. ஒவ்வொரு பாம்புக்கும் தனிப் பதிவு, தனிமைப்படுத்திய நோய்க்கண்காணிப்பு, எந்த நஞ்சு எந்தப் பாம்பினுடையது என்று பின்தொடரும் வசதி ஆகியவற்றை அவை வலியுறுத்துகின்றன. கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்து வளர்ப்பதையும் வரவேற்கின்றன. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுவதால், தமிழ்நாட்டு நஞ்சு மட்டும் நாடு முழுமைக்கும் போதாது என்ற வாதமும் வலுவானதே. அறிவியல் நோக்கில் இவற்றை மறுக்க இயலாது. ஆனால் பாம்பு நிரந்தரமாகக் கூண்டில் குடியேறிவிட்டால், ஒவ்வொரு பருவமும் அதைத் தேடிச் சென்று கொண்டுவருபவனுக்கு வேலை என்ன என்பதற்கு வழிகாட்டுதல்களில் விடை இல்லை. அதை நாம்தான் தேட வேண்டும்.

வளர்ப்போரின் கூண்டு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா சான்று. செல்லப்பிராணி வணிகத்துக்காக இறக்குமதியாகி, வளர்ப்போர் விட்டுவிட்டதாலும் தப்பியதாலும் பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. 1992-இன் ஆண்ட்ரூ புயலில் ஒரு வளர்ப்புக்கூடம் சிதைந்ததும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. 2012-இல் அந்நாடு அவற்றின் இறக்குமதியைத் தடை செய்தது. எல்லா வழிகளையும் முயன்ற பின், 2017-இல் அங்கிருந்து அழைப்பு வந்தது இருளருக்கு. மாசி சடையனும் வடிவேல் கோபாலும் சென்று, முதல் எட்டு நாட்களிலேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளப் பெண்பாம்பு. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இப்போது குடங்கரின் மற்றைப் பொருளுக்கு வருவோம். இருளர் மத்திய அரசின் வகைப்பாட்டில் தமிழ்நாட்டின் மிகவும் நலிவுற்ற ஆறு பழங்குடிகளுள் ஒருவர். அவர்களுள் பலரது குடிசை ஏரிக்கரையிலோ புறம்போக்கிலோ வயல் உடையவர் விட்டுவைத்த ஓரத்திலோ நிற்கிறது. பெரணமல்லூர், ஆரணிப் பகுதியின் பட்டு நெசவாளர் வீட்டோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே தொழிலே வீட்டின் நடுவில் குழித்தறியாக இறங்கியிருக்கிறது. தறி இருக்கும்வரை வீட்டுக்கு ஒரு நிலைப்பு உண்டு. இருளரின் தொழில் வரப்பிலும் புதரிலும் இருக்கிறது. அவர்கள் பிடித்த பாம்பும் குடிசைக்குள் தங்குவதில்லை. ஆகவே அவர்களுடைய வீடு எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்று பிறர் முடிவு செய்துவிட்டனர்.

பட்டா கேட்டால் சாதிச் சான்றிதழ் கேட்கப்படும். சான்றிதழ் கேட்டால் நிலையான முகவரி கேட்கப்படும். முகவரி வேண்டுமென்றால் பட்டா வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளிவரப் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றோர் திண்டிவனத்தை மையமாகக் கொண்டு நெடுங்காலம் போராடியிருக்கின்றனர். வட மாவட்டங்களின் அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டோரில் இருளர் பலர் என்பதும் இதனோடு தொடர்புடையது. நிற்க இடமில்லாதவனுக்கு முன்பணமும் தங்க இடமும் தருகிறவனே எசமான் ஆகிறான். 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது; பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அதே ஆண்டில் வந்தது. முன்னது தரவேண்டிய விடுதலை பலருக்கு எட்டவில்லை. பின்னது பறித்த வருமானம் மட்டும் உடனே போனது.

நலிவுற்ற பழங்குடிகளுக்கு வீடு கட்டித்தரும் பிரதமர் ஜன்மன் திட்டம் 2023 நவம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. இரண்டும் நல்ல செய்திகள். ஆனால் இரண்டும் இரு வேறு துறைகளின் கோப்புகளில் நடக்கின்றன. கடிபட்டவனைக் காக்கும் மருந்தும், அந்த மருந்துக்கு நஞ்சு கொண்டுவருபவனின் கூரையும் ஒரே பொருளின் இரு பாதிகள் என்ற எண்ணம் எங்கும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

முன்னே நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். செல்லமாக வளரும் அயல்நாட்டு மலைப்பாம்பின் பிறப்பும் இறப்பும் பதிவாகின்றன. வடநெம்மேலிப் பானைக்கு வரும் ஒவ்வொரு பாம்பும் வனத்துறையின் கணக்குக்கு உட்பட்டது. பதிவேட்டில் சேர இன்னும் காத்திருப்பது அதைப் பிடித்துத் தந்தவரின் வீட்டு மனை. நாளைய நஞ்சு உற்பத்தி கூண்டுக்கு மாறுமானால், அந்தக் கூண்டுகளைப் பராமரிக்கும் பணி இருளருக்கே உரியது என்று இன்றே எழுதிவைக்க வேண்டும். பாம்பகத்துக்கு நிலம் ஒதுக்கும் அதே ஆணையில் அவர்களுடைய மனைக்கும் பட்டா தரப்பட வேண்டும். பாம்புக்கு எத்தகைய இருப்பிடம் ஏற்றது என்பதை நமக்குச் சொல்லித் தந்தவர்கள் அவர்கள். தமக்கு எத்தகைய வீடு வேண்டும் என்பதையும் அவர்களைக் கேட்டே கட்ட வேண்டும்.