சூடு வைக்கிறதுக்கு முன்னாடி பெட்டியைப் படிங்க

பழைய தேக்குப் பெட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, சூடான இரும்பு முனையால மயிலும் கோலமும் வரையுற வீடியோ நிறைய வருது. எனக்கும் பிடிக்கும். ஆனா எங்க வள்ளியூர்ப் பக்கத்துப் பெட்டின்னா, முதல்ல அதைப் படிச்சுப் பாருங்க.

தூத்துக்குடி எங்களுக்குப் பக்கத்துத் துறைமுகம். 1906-ல வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினதே தூத்துக்குடி–கொழும்பு வழியில பிரிட்டிஷ் கம்பெனியோட போட்டி போடத்தான். 1914-ல தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்துச்சு. கடை வைக்கவும் தோட்ட வேலைக்கும் இலங்கை போனவங்க பலரோட மொத்த உடைமையும் ஒரு பெட்டிக்குள்ள அடங்கிடும்.

அந்த மாதிரிப் பெட்டி மூடியில மங்கிக் கிடக்குற பேர், ஊர், ஒட்டின சீட்டு எதுவும் அழுக்கு இல்லை. தாத்தா எங்கே போனார்னு சொல்ல சில வீடுகள்ல வேற சாட்சியே இருக்காது.

அதனால முதல்ல போட்டோ எடுங்க. பழைய பெயிண்ட்டைத் தேய்க்கவும் வேண்டாம், சுடவும் வேண்டாம்; அதுல ஈயம் இருக்கலாம், தூசியும் புகையும் விஷம். படம் வேணும்னா தனிப் பலகையில சுட்டு, மூடிக்கு உள்பக்கம் பொருத்துங்க.

நான் கோடிங் எழுதுற ஆள். அங்கே எதையும் பழைய நிலைக்குத் திருப்பிடலாம். மரத்துல சுட்டா சுட்டதுதான்.