யாரும் துயிலாத கட்டில்

நம் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுள் பெரும்பாலோர் பள்ளிப் பருவத்தில் ஒருமுறையேனும் பத்மநாபபுரம் கொட்டாரத்தைச் சுற்றி வந்திருப்போம். வாயிலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஆசிரியரின் பின்னே வரிசையாக நடந்த அந்த நாளில் நம் கண்ணில் பட்டவை குதிரை விளக்கும், மணிமாளிகைக் கடிகாரமும், ஊறுகாய் வைத்திருந்த பெரிய பரணிகளுமே. வயது ஏறியபின் அதே படிகளில் மீண்டும் ஏறும்போது வேறு சில கேள்விகள் எழுகின்றன. இத்துணைப் பெரிய வீட்டில் வாழ்ந்தவர்கள் யார்? இதற்குள் வர இயலாதிருந்தவர்கள் யார்? இது உண்மையில் யாருடைய வீடு?

தக்கலையிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில், வேளிமலையின் அடிவாரத்தில், கோட்டை மதிலுக்குள் ஏறத்தாழ ஆறு ஏக்கர் பரப்பில் இக்கொட்டாரம் அமைந்துள்ளது. இதன் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். அன்று இவ்வூரின் பெயர் கல்குளம். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மர் காலத்தில்தான் கொட்டாரம் விரிந்து உயர்ந்தது. ஊரும் பத்மநாபபுரம் என்னும் பெயரைப் பெற்றது.

பூமுகமும் மந்திரசாலையும்

முதலில் நம்மை வரவேற்பது பூமுகம். அண்ணாந்து பார்த்தால், மேற்கூரையின் மரப்பலகையில் தொண்ணூறு மலர்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. இங்குத் தொங்கும் குதிரை விளக்கு, எப்பக்கம் திருப்பினாலும் அப்பக்கமே நிலைத்து நிற்கும். இதற்கு மேல்மாடியில் உள்ளது மந்திரசாலை. மன்னரும் தளவாயும் அமைச்சரும் அமர்ந்து போரையும் வரியையும் தண்டனையையும் முடிவு செய்த இடம் இதுவே. வெயிலும் காற்றும் மரச் சட்டங்களின் இடைவெளி வழியே அளவோடு நுழைகின்றன. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, செடிச் சாறுகள் ஆகியவற்றைக் கூட்டி மெழுகியதாகச் சொல்லப்படும் கருந்தரை இன்றும் கண்ணாடிபோல் முகம் காட்டுகிறது.

இக்கொட்டாரம் புதுப்பொலிவு பெற்ற சில ஆண்டுகளுக்குள், ரஷ்யப் பேரரசின் தலைநகரான செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குளிர்கால அரண்மனை எழும்பியது. 1754 முதல் 1762 வரை கட்டப்பட்ட அந்த மாளிகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள்; எங்கு நோக்கினும் பொன்பூச்சும் பளிங்கும் கண்ணாடியும். நம் கொட்டாரத்திலோ தேக்கும் பலாவும் சுண்ணாம்பும் ஓடும்தாம். ஆயினும் இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே. உள்ளே வருபவன் தன்னைச் சிறியவனாக உணர வேண்டும். அரசின் பெருமை அவன் கண்ணில் நிறைய வேண்டும்.

ஊட்டுப்புரை

கொட்டாரத்தின் ஊட்டுப்புரை நம்மை நெடுநேரம் நிறுத்திவைக்கும் இடம். ஏறத்தாழ 72 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட கூடம். அதன்மேல் அதே அளவில் மற்றொரு கூடம். தளத்துக்கு ஆயிரம் பேராக ஒரே வேளையில் இரண்டாயிரம் பேர் அமர்ந்து உண்ணலாம் என்பர். அந்தணர்க்கு இலவச உணவு வழங்குவதை அரசு தன் அறமாகவே கொண்டிருந்தது. பந்தி பந்தியாக இலை விரிந்த காட்சியை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் அந்தச் சோற்றுக்கான நெல்லை நாஞ்சில் நாட்டு வயல்களில் நட்டவர்களுக்கும், கொட்டாரத்துக்குக் கல்லும் மரமும் சுமந்தவர்களுக்கும் அப்பந்தியில் இடமில்லை. அவர்களுள் பலர் அரச வீதிகளில் நடக்கவும் உரிமையற்றிருந்தனர். லூக்கா நற்செய்தியின் பதினாறாம் அதிகாரத்தில் வரும் செல்வனின் பந்தியும், அவன் வாயிற்புறத்தில் கிடந்த இலாசரும் நம் நினைவுக்கு வராமல் இருக்க முடியுமா? அந்தச் செல்வனுக்குப் பெயர் இல்லை. வெளியே கிடந்தவனுக்கே நம் ஆண்டவர் பெயர் தந்தார்.

உப்பரிகையின் உச்சியில்

கொட்டாரத்திலேயே உயரமானது 1750 அளவில் எழுந்த உப்பரிகை மாளிகை. நான்கு நிலைகள் கொண்டது. கீழே கருவூலம். அதற்கு மேல் மன்னரின் பள்ளியறை. பலவகை மூலிகை மரங்களை இழைத்துச் செய்த கட்டில் அங்கே உள்ளது. அதற்கும் மேலே மன்னர் ஓய்விலும் நோன்பிலும் இருந்த அறை. உச்சியில், சுவரெங்கும் ஓவியங்கள் நிறைந்த சிறிய அறை ஒன்று. அதில் ஒரு கட்டில். அணையாது காக்கப்பட்ட விளக்குகள். அந்தக் கட்டிலில் எவரும் துயின்றதில்லை. அது பத்மநாப சுவாமிக்கு உரியது.

இதன் பொருளை அறிய 1750 சனவரித் திங்களில் திருவனந்தபுரத்தில் நடந்ததை நினைவுகூர வேண்டும். மார்த்தாண்டவர்மர் தம் உடைவாளைத் திருக்கோவிலின் முன் வைத்து, நாடு முழுவதையும் இறைவனுக்கே உரிமையாக்கி, தாம் அவருடைய அடியவராக நின்று ஆள்வதாக உறுதி பூண்டார். திருப்படிதானம் என்பது அதன் பெயர். அதற்கு அரசியல் காரணங்களும் கூறுவர். ஆயினும் தன் வீட்டின் மிக உயர்ந்த அறையைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் வெறுமையாக விட்டுவைத்த எண்ணத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. நம் வீடுகளில் இறைவனுக்கு எந்த அறையை ஒதுக்குகிறோம்?

ஆனால் அந்தச் சனவரித் திங்களில், இதே கொட்டாரத்தில் பணியாற்றிய ஒருவர் விலங்கிடப்பட்டு ஏறத்தாழ ஓராண்டு நிறைந்திருந்தது.

அவர் 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டர். 1741ஆம் ஆண்டுக் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படையின் தலைவரான டி லனாய் என்னும் கத்தோலிக்கருடன் பழகி, யோபுவின் வரலாற்றைக் கேட்டு மனம் தேறினார் என்பது மரபு. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அவருக்கு இடப்பட்ட பெயர் தேவசகாயம். இலாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவம் அது. சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் பழகிய அவர் 1749 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார். எருமையின்மேல் ஏற்றி ஊரூராகக் கொண்டு செல்லப்பட்டார். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நாடெல்லாம் கடவுளுடையது என்று மன்னர் சொன்னார். கடவுளுடைய நாட்டில் எல்லாரும் ஒரே பந்தியில் அமரலாம் என்று அவருடைய ஊழியர் வாழ்ந்து காட்டினார். முதற்கூற்றை வாயால் சொல்லிவிடலாம். இரண்டாவது கூற்றுக்கோ உயிரையே விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

நம்மைப் பற்றிய தீர்ப்பு

இதைப் படித்து மன்னரைக் குறைகூறி நாம் அமைதி கொள்ளலாகாது. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்திலேயே, சாதிக்கொரு பக்கமாக மக்கள் பிரித்து நிறுத்தப்பட்டனர். இடையே தடுப்புச் சுவர் நின்றது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. கடவுளின் பந்தியிலேயே நாம் இலைகளைப் பிரித்துப் போட்டவர்கள். மறுபுறம், மார்த்தாண்டவர்மரின் அரச மரபே 1936 நவம்பர் 12 அன்று ஆணை பிறப்பித்து, எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோவில் கதவுகளைத் திறந்துவிட்டது. மனம் திரும்பும் அருள் ஒரு சாராருக்கு மட்டும் உரியதன்று.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோதும் கொட்டாரம் கேரள அரசிடமே இருந்தது. இன்றும் அம்மாநிலத் தொல்லியல் துறையே அதைப் பேணுகிறது. ஊர் ஒருவருடையது, வீடு மற்றொருவருடையது. தளவாயும் இல்லை, பந்தியும் இல்லை. ஊட்டுப்புரையில் இன்று எச்சாதியினரும் எம்மதத்தினரும் நடந்து செல்கிறார்கள். அன்று உள்ளே வர இயலாதிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கருந்தரையில் தம் முகத்தைக் கண்டு சிரிக்கிறார்கள்.

அடுத்தமுறை நம் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லும்போது, குதிரை விளக்கோடு நிறுத்திவிடாமல் ஊட்டுப்புரையையும் உப்பரிகையின் உச்சியையும் சேர்த்துக் காட்டுவோம். கட்டிலை இறைவனுக்கு ஒதுக்கிவிட்டுப் பந்தியில் மனிதரை ஒதுக்கினால் அது வழிபாடு ஆகாது என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். திரும்பும் வழியில் நட்டாலத்துக்கும் ஒருமுறை சென்று வருவோம்.