சுவடி முதல் சர்வர் வரை: மூன்று பழுதுகள்

"சர்வர் டவுன்" என்ற சொல்லைக் கேட்காதவர் இன்று யாருமில்லை. அந்த நேரத்தில் பெரிய அலுவலகங்களில் தகவல் சேமிப்பு வட்டுகளோடு ஒரு குழு போராடிக்கொண்டிருக்கும். அவர்கள் பார்க்கும் பழுதுகள் புதியவை அல்ல. தமிழ் ஏடுகள் முன்பே பட்டவைதான்.

முதல் பழுது, சேமித்ததில் ஒரு பகுதி கெட்டுப்போவது. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்வட்டுக் கருவியை வெளியிட்டது. இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். 1988-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் 'ரெய்டு' என்ற முறையை விளக்கினார்கள். விலை குறைந்த பல வட்டுகளைச் சேர்த்து வைத்தால், ஒன்று கெட்டாலும் மற்றவற்றைக் கொண்டு மீட்டுவிடலாம். ஒரு வட்டில் 4, அடுத்ததில் 5, மூன்றாவதில் கூட்டுத்தொகை 9 என்று வையுங்கள். 5 உள்ள வட்டு போனாலும் 9-இல் 4 போக விடை கிடைத்துவிடும். உள்ளே நடக்கும் கணக்கு வேறு, தத்துவம் இதுதான்.

உ.வே.சாமிநாதையர் செய்ததும் இதைத்தான். செல்லரித்த ஏட்டில் விட்டுப்போன அடியை இன்னொரு ஊர் ஏட்டில் தேடினார். பல பிரதிகளை ஒப்பிட்டே 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார்.

இரண்டாவது, நம் கையாலேயே அழிப்பது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போன ஐயருக்கு, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்ட செய்திதான் கிடைத்தது. 'என் சரித்திரம்' நூலில் அதை எழுதியிருக்கிறார். செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணமில்லை; சாத்திரப்படி செய்ததாகவே நினைத்தார்கள். இந்தப் பழுதுக்கு ரெய்டு உதவாது. அழி என்று கட்டளையிட்டால் எல்லா வட்டிலும் சேர்ந்தே அழியும். வேறிடத்தில் தனியாக வைத்த நகல் ஒன்றுதான் காப்பாற்றும்.

மூன்றாவது, பத்திரமாக இருந்தும் படிக்க முடியாமல் போவது. நம் மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலைக்குகையில் இரண்டாயிரம் ஆண்டு கடந்த தமிழி எழுத்துகள் உள்ளன. கல் கெடவில்லை; படிக்கத் தெரிந்தவர்கள்தான் இல்லாமல் போனார்கள். இருபதாம் நூற்றாண்டில்தான் அது தமிழ் என்று தெளிவாயிற்று.

கணினியிலும் இதே கதை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று, 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டச்சு செய்தார்கள். அன்று எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. இங்கே அடித்ததை வேறு எழுத்துருவில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். ஆகவே நூல்களை முதலில் டிஸ்கிக்கும், பிறகு யூனிகோடுக்கும் மாற்றினார்கள். அதனால்தான் இன்று நம் கைப்பேசியிலும் அவற்றைப் படிக்க முடிகிறது.

உங்கள் பென்ஷன் ஆணை, வீட்டுப் பத்திரம், பெற்றோர் புகைப்படம் எல்லாம் எங்கோ ஒரு பென்டிரைவில் கிடக்கும். மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இன்னொரு நகல் இருக்கிறதா? அது வேறிடத்தில் இருக்கிறதா? கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? மூன்றாவது கேள்விக்குத்தான் பலரிடம் பதில் இருக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமையே திறந்து பார்த்துவிடுங்கள்.