துணைக்கு வந்த மூன்றாமவர்

முத்தாண்டிக்குப்பம் என்னும் பெயரை வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டியையும் நெய்வேலியையும் சார்ந்த செம்மண் பூமியில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஊர். அங்கு நடந்த போரைப் பற்றியோ கிடைத்த கல்வெட்டைப் பற்றியோ நாம் எழுத வரவில்லை. இத்தகைய ஊர்களிலிருந்து புதிதாய் மணமான இருவர் இரண்டு மூன்று நாட்கள் சென்னைப் பட்டணம் போய்த் திரும்பினார்களே, அந்தச் சிறு பயணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்று சொல்லவே வந்தோம். கல்யாணத்துக்குப் பத்திரிகை இருக்கிறது, மொய் நோட்டு இருக்கிறது. அதற்குப் பிந்தைய பயணத்துக்கோ பழைய பெட்டியின் அடியில் கிடக்கும் ஒரு ஸ்டுடியோப் புகைப்படத்தைத் தவிர வேறு சான்று அநேகமாக இராது. எழுதி வைக்கப்படாததால் அது முக்கியமற்றது என்று நாம் கருதவில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தேனிலவு என்பது ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்பு. பிரெஞ்சுக்காரர்களும் தேன் நிலா என்றே சொல்கிறார்கள். அரபியில் அது தேன் மாதம். ஆங்கிலத்தில் இச்சொல் பதினாறாம் நூற்றாண்டிலேயே வழங்கியது. ஆனால் அன்று அதற்குப் பயணம் என்ற பொருளே கிடையாது. மணமான புதிதில் பொங்கும் அன்பு, முழுநிலவு தேய்வதைப்போல் விரைவில் குறையும் என்ற எள்ளல்தான் அதில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் வசதி படைத்த குடும்பங்கள் மணமக்களை ஊர் ஊராக அனுப்பின. திருமணத்துக்கு வர இயலாத உறவினரைப் பார்த்து வருவது அதன் நோக்கம். உற்றார் உறவினர் உடன் போவதும் உண்டு. நம் மறுவீட்டு விருந்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? விக்டோரியா மகாராணி 1840 பிப்ரவரி 10 அன்று மணம் முடித்து வின்ட்சர் கோட்டைக்குப் போனார்; அரசுப் பணி காத்திருக்கிறது என்று மூன்றே நாட்களில் லண்டன் திரும்பினார். அந்த மூன்று நாட்களிலும் விருந்தினர் வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள். உலகையே ஆண்டவருக்கும் வாய்த்தது இவ்வளவுதான். ஜப்பானில் சகமோட்டோ ரியோமா என்னும் வீரர் 1866 இல், வெட்டுக்காயம் ஆற வெந்நீர் ஊற்றுகளை நாடித் தம் இளம் மனைவியோடு தென்திசை போனதைத்தான் அந்நாட்டின் முதல் தேனிலவு என்று கொண்டாடுகிறார்கள். காயம் பட்டதனால் கிடைத்த தனிமை!

இனி நம் பக்கம். இருவர் தனித்துச் செல்லும் பயணம் தமிழுக்குப் புதிதன்று. சங்க அகப்பாடல்களில் உடன்போக்கு ஒரு பெருந்துறை. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில், மகளைப் போக்கிய தாய் இரங்குவதற்கென ஒரு பத்தும், இடைச்சுரத்தில் பேசும் பேச்சுக்கென ஒரு பத்தும் தனியே உண்டு. ஆனால் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இருவரும் வீட்டாருக்குத் தெரியாமல் போகிறார்கள். செவிலி பின்னால் தேடிக்கொண்டு போகிறாள். எதிரே வருவோரை மறித்துக் கேட்கிறாள். அதாவது, இருவர் மட்டும் போவதென்றால் அது வீட்டை மீறிய போக்கு. வீடு சம்மதித்து வழியனுப்பும் பயணத்தில் மூன்றாமவர் ஒருவர் இருந்தே தீர்வார்.

சிலப்பதிகாரமே இதற்குச் சான்று. கோவலனும் கண்ணகியும் சேர்ந்து மேற்கொண்ட நெடும்பயணம் புகாரிலிருந்து மதுரை என்னும் மாநகருக்கு. அப்போது அவர்கள் புதுமணத் தம்பதியர் அல்லர்; ஒரு வாழ்க்கையே கைநழுவிப் போயிருந்தது. வீட்டாரிடம் சொல்லாமல்தான் கிளம்புகிறார்கள். ஆயினும் புகாரைக் கடந்த கொஞ்ச தூரத்திலேயே கவுந்தியடிகள் துணைக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்! இதே காப்பியத்தில் வேறொரு செய்தியும் இருக்கிறது. மணமான புதிதில் கோவலனின் தாய் மகனையும் மருமகளையும் தனிமனையில் குடிவைத்து இல்லறம் பழகச் செய்கிறாள். தம்பதியருக்குத் தனிமை வேண்டும் என்பதை அந்த வணிகர் குடி அறிந்திருந்தது. அதற்கேற்ற செல்வமும் அவர்களிடம் இருந்தது. ஓலைக் கூரையின் கீழ் மாமனார், மாமியார், மைத்துனர்மார், நாத்தனார் எல்லோரும் படுத்துறங்கும் முந்திரிக்காட்டு வீட்டில் தனிமனைக்கு எங்கே போவது?

இன்னொரு தடையும் இருந்தது. தேனிலவுக்கு வயது வந்த இருவர் தேவை. பெண்ணைச் சிறுமியாக இருக்கையிலேயே மணம் முடித்து, பருவமெய்திய பின் புகுந்தவீட்டுக்கு அனுப்பும் வழக்கம் நிலவிய குடும்பங்களில் இப்படியொரு பயணத்தை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. 1929 இல் இயற்றப்பட்டு 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்காக்கியது. 1949 இல் அது பதினைந்தாயிற்று. பதினெட்டாக உயர்ந்தது 1978 இல்தான். சட்டம் எங்கும் உடனே செல்லுபடியாகிவிடவில்லை என்பது வேறு கதை. ஆயினும் தேனிலவின் வரலாற்றை எழுதுகிறவர் ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் தொடங்குவதைவிட இந்த ஆண்டுகளிலிருந்து தொடங்குவதே முறை என்பது எம் எண்ணம்.

எங்கள் வட்டாரத்தில் இதை மாற்றியது நெய்வேலி. 1956 இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1961 இல் நிலக்கரி வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே மின்சாரம் வந்தது. சுரங்கத்துக்காக எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை இழந்து பெயர்ந்தன; அதை ஒரு வரியில் கடந்துபோவது நியாயமன்று, தனியே எழுதப்பட வேண்டியது. ஆனால் அதே நெய்வேலி சுற்றுப்புற இளைஞர் சிலருக்கு அவர்களின் தந்தையர் அறியாத இரண்டைக் கொடுத்தது. ஒன்று, மாதச் சம்பளமும் சம்பளத்தோடு கூடிய விடுப்பும். 1948 இன் தொழிற்சாலைச் சட்டமும் 1952 இன் சுரங்கச் சட்டமும் அந்த விடுப்பை உரிமையாக்கியிருந்தன. முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவத்தில் ஒரு நாள் தோப்பை விட்டால் அந்த நாளின் வரும்படி போயிற்று. ஷிப்டுக்குப் போகிறவனோ விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு மனைவியோடு ரயிலேறலாம். மற்றொன்று, நகரியத்துக் குவார்ட்டர்ஸ். கோவலனின் தாய் மகனுக்கு அமைத்துக் கொடுத்த தனிமனையை, இங்கே வட்டம் எண்ணும் வீட்டு எண்ணும் எழுதிய ஒதுக்கீட்டு ஆணை கொடுத்தது.

எனினும் குவார்ட்டர்ஸ் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். சென்னைக்குப் போகக் காத்திருக்க வேண்டியதில்லை. பண்ருட்டியிலிருந்து விழுப்புரம் வழியாக ஏறக்குறைய 180 கிலோமீட்டர். மீட்டர் பாதையில் எழும்பூர் போய்ச் சேரலாம். தையில் கல்யாணமானாலும் வைகாசியில் ஆனாலும், ஆடி பிறக்குமுன் போய்வந்துவிட வேண்டும். ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டார் வந்து அழைத்துக்கொள்வார்கள். தங்குவது யாராவது உறவினர் வீட்டில். கையில் ஒரு பலாப்பழமும் முந்திரிப்பருப்புப் பொட்டலமும் போகும். பண்ருட்டிப் பலா அந்நாளில் பட்டணத்து வீடுகளில் தங்குவதற்கான வாடகை என்றே சொல்லலாம். (2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில் அந்தப் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்ததை எங்கள் பக்கத்தார் இன்னும் மறக்கவில்லை.) சில வீடுகளில் துணைக்கு மாப்பிள்ளையின் தம்பியோ தங்கையோ கூடவே அனுப்பப்படுவதும் உண்டு. கவுந்தியடிகளின் இடத்தில் ஒரு பத்து வயதுப் பிள்ளை!

பார்க்கும் இடங்களும் ஏறத்தாழ வரையறுக்கப்பட்டவை. எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ். பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்த மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். அருங்காட்சியகம் 1851 இல் முதன்முதல் தொடங்கப்பட்டது கல்லூரிக் கட்டடம் ஒன்றில் என்பதால் இப்பெயர்கள் வந்திருக்கலாம். உயிர் காலேஜுக்கு அருகிலேயே மூர் மார்க்கெட். அடுத்து, 1959 இல் எழுந்த பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பது. மாலையில் மெரினா. கிராண்ட் டஃப் 1884 இல் அமைத்த நடைபாதையில் உழைப்பாளர் சிலையும், 1969 க்குப் பின் அண்ணா சமாதியும் சேர்ந்துகொண்டன. 1977 இல் புதிய கலங்கரை விளக்கம் வந்தபோது அதன் மின்தூக்கியே ஒரு காட்சியாயிற்று. 1985 இந்தச் சுற்றை உடைத்தது. அவ்வாண்டு மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அதே ஆண்டில் மிருகக்காட்சிசாலை வண்டலூரில் திறக்கப்பட்டது. அந்த ஆண்டுக்கு முன் போனவர்களையும் பின் போனவர்களையும் அவர்கள் பேச்சிலேயே பிரித்துவிடலாம்: முன்னவர் புலியைச் சென்ட்ரல் பக்கத்தில் பார்த்தார்கள், பின்னவர் ஊருக்குத் திரும்பும் வழியில்.

தேனிலவு என்ற சொல்லைப் பட்டிதொட்டிக்குக் கொண்டுபோனதில் ஸ்ரீதரின் ‘தேன் நிலவு’ (1961) படத்துக்குப் பங்குண்டு. காஷ்மீரில் எடுக்கப்பட்ட படம். பலரும் நினைவில் வைத்திருப்பது ஜெமினி கணேசன், வைஜயந்திமாலா காதலைத்தான். ஆனால் கதைப்படி தேனிலவுக்குப் போகிறவர் தங்கவேலு. மறுமணம் செய்துகொண்ட தந்தை, புது மனைவியோடு வயதுவந்த மகளையும் அழைத்துக்கொண்டு காஷ்மீர் போகிறார். தேனிலவு என்றே பெயரிட்ட படத்திலும் மூன்றாமவர் வந்துவிட்டார். அரங்கில் சிரித்தவர்களில் பலருக்கு அது வேடிக்கையாக மட்டும் பட்டிருக்காது.

உறவினர் வீட்டை விட்டு லாட்ஜுக்கு நகர்ந்ததே இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் என்று நாம் கருதுகிறோம். அது எளிதாக நடக்கவில்லை. “சொந்தம் இருக்கும்போது லாட்ஜில் தங்குவதா?” என்று கேட்பார்கள், பட்டணத்து உறவினர் மனம் நோவார். லாட்ஜிலோ வரவேற்பு மேசையில் இருப்பவர் ஏற இறங்கப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகையைப் பையில் வைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. பெரும்பாலும் அதற்குத் தேவை வந்ததில்லை. மணப்பெண்ணின் கழுத்தில் நிறம் மங்காத மஞ்சள் கயிறே போதும். ஓர் ஆணும் பெண்ணும் ஓர் அறையில் இருக்கலாம் என்பதற்கு அது உரிமச் சீட்டாக இருந்தது. இப்படி ஒரு சீட்டு தேவைப்பட்டதே என்பதில் எமக்கு வருத்தம்தான். ஆனாலும் கதவைத் தாழிட்ட பின் வெளியே யார் இருமுகிறார்கள் என்று காது கொடுக்க வேண்டியிராத முதல் இரவு பலருக்கு அங்கேதான் வாய்த்தது.

இன்று தென்மாவட்டப் பேருந்துகள் 2023 இறுதியில் திறந்த கிளாம்பாக்கத்திலேயே நின்றுவிடுகின்றன. புதுமணத் தம்பதியருக்குச் சென்னை தேனிலவு ஊரும் அல்ல. விமானம் ஏறுவதற்காக அவர்கள் கடந்துபோகும் ஊர். அந்தப் பழைய பயணத்தை மேற்கொண்ட பெண்களுக்கு இப்போது எழுபதுக்கு மேல் ஆகிறது. எங்கள் பக்கத்தில் அவர்களிடம் பட்டணத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் எல்.ஐ.சி. என்பார்கள், கடல் என்பார்கள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் ஹோட்டலைப் பற்றிச் சொல்வார்கள். திரை தொங்கும் ‘பேமிலி ரூம்’, நடுவில் ஒரு மேசை. ஊரில் கணவன் உண்டெழுந்த பின் அதே இலையில் உண்டவர்கள் அவர்கள். இங்கே சர்வர் இரண்டு இலைகளைப் போட்டு, இருவருக்கும் ஒரே சமயத்தில் பரிமாறியிருக்கிறார். கூச்சத்தில் அன்று சரியாகச் சாப்பிடவில்லை என்பார்கள். அடுத்த வேளைக்கும் அதே ஹோட்டலுக்கே போகலாம் என்று கேட்டது தாம்தான் என்பதையும் மறக்காமல் சொல்வார்கள்.