எலைசாவை ஆக்கியவர்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1960-களின் நடுப்பகுதியில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி இது. பேராசிரியர் ஒருவர் பல மாதங்களாக ஒரு கணிப்பொறி நிரலை எழுதி வந்தார். அவருடைய அலுவலகச் செயலாளரான பெண்மணி அவ்வேலை நடைபெறுவதை நாள்தோறும் பார்த்து வந்தவர். அது வெறும் நிரல் என்பது அவருக்கு ஐயமின்றித் தெரியும். ஒருநாள் அவரும் தட்டச்சுப் பலகையின் முன் அமர்ந்து, அந்நிரலோடு உரையாடத் தொடங்கினார். இரண்டு மூன்று வரிகளே கடந்திருக்கும். பேராசிரியரைத் திரும்பிப் பார்த்த அவர், சற்று அறையை விட்டு வெளியே போகுமாறு கேட்டுக்கொண்டார்.

அந்தப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம். நிரலின் பெயர் எலைசா. தாம் ஆக்கிய பொருள் வெற்றி பெற்றதைக் கண்டு மகிழ வேண்டியவர், வெளியே நின்ற அந்தச் சில நிமிடங்களைத் தம் வாழ்நாளின் இறுதிவரை மறக்கவில்லை. கணிப்பொறித் துறையின் உள்ளிருந்தே அதன் மிகக் கடுமையான விமர்சகர் ஒருவர் தோன்றிய வரலாறு இங்கிருந்தே தொடங்குகிறது எனலாம்.

வைசன்பாம் 1923-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். இட்லர் ஆட்சிக்கு வந்தபின் தம் பள்ளியை விட்டு யூத மாணவர் பள்ளிக்கு மாற வேண்டியதாயிற்று. 1936-இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் பெயர்ந்தார். டெட்ராய்ட்டில் கணிதம் பயின்றார். போர்க்காலத்தில் வானிலைப் பிரிவில் பணியாற்றினார். பின்னர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில், பாங்க் ஆஃப் அமெரிக்காவுக்காகக் காசோலைகளைத் தானே படித்துக் கணக்கு வைக்கும் பொறியமைப்பை உருவாக்கிய குழுவில் ஒருவரானார். 1963-இல் மாசச்சூசெட்ஸ் கழகத்திற்கு வந்தார். கைத்திறன் மிக்க நிரலாளர் அவர். இயந்திரத்தை அறியாமல் தொலைவில் நின்று குறை கூறியவர் அல்லர் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

எலைசா என்ற பெயர் பெர்னாட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்து நாயகியிடமிருந்து வந்தது. தெருவில் பூ விற்ற பெண், ஆசிரியர் ஒருவரிடம் பேச்சுப் பயின்று சீமாட்டியைப் போல் நடமாடுகிறாள் அல்லவா? இந்த எலைசாவும் அப்படியே. பேசக் கற்றவள், பொருள் அறியாதவள். அவளுக்கு அளிக்கப்பட்ட வேடங்களுள் புகழ்பெற்றது மனநல மருத்துவர் வேடம். கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளரின் முறையில் பயின்ற மருத்துவர், நோயாளி சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பித் தந்து, அவரை மேலும் பேசவைப்பார். உலகத்தைப் பற்றி ஒன்றுமே அறியாத ஒரு பொறிக்கு இதைவிட வசதியான வேடம் கிடைக்குமா?

அதன் உள்வேலை மிக எளியது. தட்டச்சிட்ட வாக்கியத்தில் குறித்த சில சொற்கள் உள்ளனவா என்று நிரல் தேடும். 'நான்' என்றிருந்தால் 'நீங்கள்' என்று மாற்றும். 'என்' என்பதை 'உங்கள்' என்று ஆக்கும். 'தந்தை' என்ற சொல் வந்தால், குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்று கேட்கும். ஒரு சொல்லும் சிக்கவில்லையெனில், மேலே சொல்லுங்கள் என்று பொதுவாகக் கூறி நழுவிவிடும். 'என்' என்று தொடங்கிச் சொன்ன ஒன்றை ஒதுக்கி வைத்திருந்து, பேச வேறொன்றும் இல்லாதபோது அதை எடுத்து நீட்டும். முன்னர்ச் சொன்னதை இவர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறாரே என்று எதிரிலிருப்பவர் நெகிழ்ந்து போவார். 1966 சனவரியில் வெளியான கட்டுரையில் வைசன்பாம் இவை யாவற்றையும் ஒளிவுமறைவின்றி விளக்கினார். செய்முறையை விளக்கிவிட்டால் மாயம் கலைந்துவிடும் என்பது அவரது எதிர்பார்ப்பு.

மாயம் கலையவில்லை. மக்கள் தங்கள் மனத்துயரங்களை அதனிடம் கொட்டினர். உரையாடல்களைச் சேமித்துப் பின்னர் ஆராயலாமே என்று அவர் ஒருமுறை சொன்னபோது, பிறர் அந்தரங்கத்தை ஒற்றறிவதாகும் அது என்று அவர்மீதே குற்றம் சாட்டினர். இயந்திரம் கேட்கலாம், அதை ஆக்கிய மனிதர் கேட்கக் கூடாது! அவரை இன்னும் அதிர வைத்தவர்கள் மருத்துவர்கள். கென்னத் கோல்பி என்ற உளமருத்துவரும் அவருடைய தோழர்களும் 1966-இலேயே, மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடங்களில் இத்தகைய பொறி ஒரு மணி நேரத்தில் பல நூறு நோயாளிகளைக் கவனிக்க இயலும் என்று எழுதினர். தம் தொழிலின் உயிர்நாடி எதுவென்று ஒரு மருத்துவர் எண்ணியிருந்தால் இப்படி எழுத இயலும் என்று வைசன்பாம் வினவினார். நோயாளியின் துயரைத் தாமும் உணர்வதே சிகிச்சையின் அடிப்படை என்று நம்புகிறவர், அதை உணராத ஒன்றிடம் அவ்வேலையை ஒப்படைக்கத் துணிவாரா?

பத்தாண்டுச் சிந்தனையின் பயனாக 1976-இல் அவருடைய நூல் வெளிவந்தது. 'கணிப்பொறியின் ஆற்றலும் மனித அறிவும்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். முடிவு காணுதல் வேறு, தெரிவு செய்தல் வேறு என்பது அந்நூலின் மையக் கருத்து. விதிகளைக் கொண்டு கணக்கிட்டு முடிவு காணப் பொறியால் முடியும். ஆயின் தெரிவு என்பது, செய்தவன் அதற்குப் பொறுப்பேற்று நிற்கும் செயல். ஸ்டான்போர்டின் ஜான் மக்கார்த்தி, நீதிபதி அறிந்தவற்றுள் கணிப்பொறிக்குச் சொல்லித்தர முடியாதது எது என்று ஒரு விவாதத்தில் கேட்டார். ஒன்றுமில்லை என்பது மக்கார்த்தியின் விடை. வைசன்பாமோ அக்கேள்வியே தகாதது என்றார். பொறி சரியான தீர்ப்பையே வழங்கக்கூடும். ஆயினும் ஒரு மனிதனின் வாழ்வைப் பற்றிய தீர்ப்பை, மனித வாழ்வை வாழ்ந்தறியாத ஒன்றிடம் விடலாகாது என்பது அவர் நிலை. பொறியால் முடியுமா என்று யாவரும் கேட்டுக்கொண்டிருக்க, செய்யலாமா என்று அவர் கேட்டார்.

அவர் காட்டும் சான்றுகளுள் கம்போடியாவைப் பற்றியது என்னை நெடுநேரம் படிப்பை நிறுத்தி வைத்தது. 1969-இல் அமெரிக்க விமானங்கள் அந்நாட்டின்மீது இரகசியமாகக் குண்டு வீசத் தொடங்கின. அச்செய்தி மறைக்கப்பட வேண்டும் என்பதற்காக, இராணுவத் தலைமையகத்தின் கணிப்பொறிகள் களத்திலிருந்து வந்த உண்மையான அறிக்கைகளைப் பொய்யறிக்கைகளாக மாற்றும்படி அமைக்கப்பட்டன. அவற்றைப் படித்த உயர்நிலைத் தலைவர்கள் நம்பினர். கணிப்பொறியே சொன்னபின் ஐயப்படுவார் யார்? பின்னர் உண்மை வெளிப்பட்டபோது, இந்தப் பாழும் பொறிகளுக்கு நாம் அடிமைகளாகிவிட்டோமே என்று உயர் தளபதி ஒருவர் நொந்துகொண்டாராம். பொய் சொல்லக் கட்டளையிட்டவர்கள் மனிதர்கள். பழியைச் சுமந்தது பொறி.

வங்கியில் தாம் செய்த பழைய வேலையையும் அவர் விட்டுவைக்கவில்லை. கணிப்பொறி உலகைப் புரட்டிப்போடும் புரட்சிக் கருவி என்று விளம்பரம் செய்கிறார்களே, உண்மையில் அது பழமையைக் காப்பாற்ற வந்தது என்றார். காசோலைகளும் கோப்புகளும் மலையாய்க் குவிந்து, பெரிய நிறுவனங்கள் தம் பாரத்தாலேயே சரிந்து வேறு உருவம் எடுக்க வேண்டியிருந்த வேளையில், தக்க தருணத்தில் கணிப்பொறி வந்து அவற்றை அப்படியே தாங்கி நிறுத்திற்றாம். ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்று இன்றளவும் எனக்கு விளங்கவில்லை; ஆனால் கணிப்பொறி புகுந்த அலுவலகங்களில் பழைய படிவங்களே புதிய திரையில் தோன்றுவதைக் காணும்போது அவர் நினைவு வருகிறது. உணவும் உறக்கமும் மறந்து இரவெல்லாம் பொறியின்முன் அமர்ந்திருக்கும் இளம் நிரலாளர்களைச் சூதாடிகளோடு ஒப்பிட்டு அவர் எழுதிய பகுதி அத்துறையினரைப் பெரிதும் சினங்கொள்ள வைத்தது. அந்த இளைஞர்கள் ஒரு பொருளை முடிக்கும் ஆர்வத்தால் அன்றி, தம் சொல்லுக்குக் கட்டுப்படும் ஓர் உலகத்தின் மீதுள்ள மோகத்தால் கட்டுண்டவர்கள் என்பது அவர் கணிப்பு.

அவர் சொன்ன யாவும் சரி என்று கூறுவதற்கில்லை. மனிதப் பேச்சைப் புரிந்துகொள்ளும் பொறி பற்றிய ஆய்வு ஒட்டுக்கேட்பதற்கே பயன்படும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சம் வீணானது அன்று. எனினும் விரல்களை அசைக்க இயலாதவர் கடிதம் எழுதவும், பார்வையற்றவர் கருவிகளை இயக்கவும் அதே ஆய்வு துணைசெய்கிறது. இதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. மக்கார்த்தி தம் மதிப்புரையில், நூலாசிரியர் அறிவுரை கூறுவதிலேயே நாட்டமாயிருக்கிறார் என்ற பொருள்பட எழுதியதிலும் ஓரளவு உண்மையுண்டு. சினங்கொண்டு எழுதுகிறவர்களுக்கு நேரும் குறைதான் அது.

1996-இல் வைசன்பாம் தம் பிறந்த நகருக்கே திரும்பினார். துரத்திய ஊரில் முதுமையைக் கழிக்க அவர் ஏன் எண்ணினாரோ! அங்கு இளைஞரிடையே ஓயாமல் பேசினார். இணையம் பரவியபோது, அதைப் பெரியதொரு குப்பைமேடு என்றார். உள்ளே முத்துகளும் உண்டு, ஆனால் சரியாகக் கேட்கத் தெரிந்தவனுக்கே அவை கிட்டும் என்றார். 2008 மார்ச்சில், பெர்லினுக்கு அருகில் காலமானார்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததும், எலைசாவின் வாரிசுகள் கோடிக்கணக்கானோரின் கைகளுக்கு வந்து சேர்ந்தனர். இவற்றின் உள்வேலை எலைசாவினுடையதைப் போல் எளியதன்று. ஆயினும் நள்ளிரவில் துயரத்தோடு அதனிடம் பேசுகிறவர், அறையில் பிறர் இருப்பதை இன்றும் விரும்புவதில்லை.

தொலைந்ததாகக் கருதப்பட்ட எலைசாவின் மூல நிரல், 2021-இல் மாசச்சூசெட்ஸ் கழக ஆவணக் காப்பகத்தில், வைசன்பாமின் தாள்களிடையே கண்டெடுக்கப்பட்டது. 2024 டிசம்பரில் ஆய்வாளர் சிலர் பழைய கணிப்பொறியின் போலியமைப்பு ஒன்றில் அதை மீண்டும் இயங்கச் செய்தனர். எண் ஒன்றைத் தட்டச்சிட்டால் நிரல் செயலிழந்து நின்றுவிடும் குறை அதில் இருந்தது. அது வைசன்பாமின் கையால் நேர்ந்த பிழை; திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார்கள்.