டோக்கியோவில் ஒரு கொலையும், எட்டாம் வகுப்பில் ஒரு திருட்டும்

போன மாதம் வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. நலமாக இருக்கிறேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி. கொஞ்ச நாள் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படிக்காமல் நான் எப்படி இருப்பேன்? பேரன்தான் என் போனில் ஒரு ஒலிப் புத்தகத்தைப் போட்டுக் கொடுத்தான். "பாட்டி, புதுசு. துப்பறியும் கதை. டோக்கியோவில் நடக்குது" என்றான்.

திண்ணையில் கண்ணை மூடி உட்கார்ந்து நான்கு நாளில் கேட்டு முடித்தேன். முடிவைச் சொல்ல மாட்டேன், நீங்களும் கேட்க வேண்டும் அல்லவா! ஆனால் கதை முடிந்தபின் ஒரு கேள்வி விடவில்லை. டோக்கியோவுக்கும் துப்பறியும் கதைக்கும் எப்படி இவ்வளவு நெருக்கம் வந்தது? கண் சரியானதும் தேடித் தேடிப் படித்தேன். வகுப்பு எடுத்து நாளாயிற்று, இன்று உங்களுக்கு ஒரு வகுப்பு. கடைசி வரை படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவருக்கு நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கதையைக் காதால் கேட்பது டோக்கியோவுக்குப் புதிதே அல்ல. அங்கே 'ராகுகோ' என்று ஒரு கலை உண்டு. மேடையில் ஒருவர் மட்டும் மெத்தை மேல் மண்டியிட்டு உட்கார்ந்து, கையில் ஒரு விசிறியும் துண்டும் வைத்துக்கொண்டு, எல்லாப் பாத்திரங்களையும் தானே பேசிக் கதை சொல்வார். என்சோ என்ற பெரிய கதைசொல்லி சொன்ன ஒரு பேய்க் கதையை 1884-ல் சுருக்கெழுத்தில் எடுத்து நூலாகப் போட்டார்கள். பேச்சு நடையிலேயே ஜப்பானிய உரைநடை எழுதலாம் என்ற துணிச்சலைத் தந்ததில் அந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே கதை வாயிலிருந்து காகிதத்துக்குப் போயிற்று. இன்று காகிதத்திலிருந்து காதுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

இன்னொரு அதிசயம் கேளுங்கள். ஹென்றி பிளாக் என்று ஒரு வெள்ளைக்காரர். 1858-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்து, சிறு வயதிலேயே ஜப்பானுக்கு வந்து வளர்ந்தவர். ஜப்பானிய மொழி சரளம். கிமோனோ உடுத்தி, டோக்கியோவின் கதைக் கொட்டகைகளில் உட்கார்ந்து ஐரோப்பியத் துப்பறியும் கதைகளை ஜப்பானியப் பெயர்கள் வைத்துச் சொன்னார். 1892-ல் வெளிவந்த அவருடைய ஒரு கதையில், இரத்தம் தோய்ந்த கைத்தடம் குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கிறது. 1903-ல் லண்டன் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் டோக்கியோ வந்து இசைத்தட்டுப் பதிவு செய்தபோது, கலைஞர்களைத் திரட்டிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அவர் குரலும் தட்டில் பதிவானது. என் பேரனின் 'புதுசு'க்கு வயது நூற்றுக்கும் மேல்!

கைத்தடம் என்றதும் இன்னொரு செய்தி. ஹென்றி ஃபால்ட்ஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் டோக்கியோவின் சுகிஜி பகுதியில் மருத்துவமனை நடத்தினார். அருகே ஓமோரியில் தோண்டியெடுத்த பழங்கால மண்பாண்டங்களில் குயவரின் விரல் பதிவுகளைப் பார்த்து, மனிதருக்கு மனிதர் ரேகை மாறுபடுவதை ஆராயத் தொடங்கினார். 1880-ல் 'நேச்சர்' இதழுக்கு அதைப் பற்றி எழுதினார். அடுத்த மாதமே, வங்காளத்தில் ஹூக்ளியில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷெல், தான் இந்தியாவில் இருபது ஆண்டுகளாகக் கைரேகையைப் பயன்படுத்தி வந்ததாக அதே இதழில் எழுதினார். யார் முதலில் என்ற சண்டை பிற்பாடு வெகுகாலம் நடந்தது.

எனக்கு அந்தச் சண்டை முக்கியமில்லை. ஃபால்ட்ஸ் எழுதியதில் ஒரு சின்ன விஷயம்தான் மனத்தில் தங்கிவிட்டது. வெள்ளைச் சுவரில் ஏறிய யாரோ ஒருவரின் கரி படிந்த விரல் தடம் கிடைத்தது. அது யாரையும் மாட்டிவிடவில்லை. சந்தேகப்பட்ட ஆள் அவர் இல்லை என்று காட்டத்தான் உதவியது. கைரேகை என்றால் குற்றவாளியைப் பிடிக்க என்றுதான் நாம் நினைக்கிறோம். டோக்கியோவில் அது முதலில் செய்த வேலைகளில் ஒன்று, ஒரு நிரபராதியைக் காப்பாற்றியது.

இனி எடோகாவா ரான்போவுக்கு வருவோம். ஜப்பானியத் துப்பறியும் கதையின் தந்தை என்று இவரைச் சொல்கிறார்கள். இயற்பெயர் ஹிராய் தாரோ, பிறந்தது 1894. புனைபெயரைச் சேர்த்து வேகமாகச் சொல்லிப் பாருங்கள்: எடோகாவா ரான்போ... எட்கர் ஆலன் போ! அமெரிக்க எழுத்தாளர் மீது வைத்த பக்தி அப்படி. பொருளாதாரப் பட்டதாரி. எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. டோக்கியோவின் தாங்கோசாகா மேட்டில் தம்பிகளோடு பழைய புத்தகக் கடை வைத்தார். வண்டி தள்ளி நூடுல்ஸ்கூட விற்றார். 1923 ஏப்ரலில் 'ஷின் செய்னென்' இதழில் முதல் கதை வந்தது.

ஐந்தே மாதத்தில் டோக்கியோ அழிந்தது. 1923 செப்டம்பர் 1, பகல் 11.58. வீடுதோறும் அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரத்தில் நிலநடுக்கம். இடிபாட்டைவிடத் தீயில் மாண்டவர்கள் அதிகம். மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேல்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. கொரியர்கள் கிணற்றில் விஷம் வைக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. ஆதாரம் எதுவும் இல்லை. ஊர்க்காவல் என்று கூடியவர்கள் தடியோடும் கத்தியோடும் தெருவை மறித்தார்கள். வருபவரைப் 'பதினைந்து யென் ஐம்பது சென்' என்று ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். உச்சரிப்பு பிசகினால் கொரியர் என்று முடிவு. ஆயிரக்கணக்கான கொரியர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் ராணுவத்துக்கும் போலீசுக்கும்கூடப் பங்கு இருந்தது. சிபா மாவட்டத்தில், தொலைவிலுள்ள ககாவாவிலிருந்து மருந்து விற்க வந்த ஜப்பானியர்களையே, பேச்சு வித்தியாசமாக இருக்கிறது என்று பிடித்து ஒன்பது பேரைக் கொன்றார்கள்.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்தி, கொஞ்ச நேரம் வாசலில் போய் உட்கார்ந்திருந்தேன்.

1925 ஜனவரியில் ரான்போ 'டி மேட்டுக் கொலை' என்ற கதையை எழுதினார். அந்த 'டி' அவர் கடை வைத்திருந்த தாங்கோசாகாதான். புத்தகக் கடைக்காரரின் மனைவி கொலையாகிறாள். இரண்டு மாணவர்கள் ஒரே நேரத்தில் கதவு இடுக்கு வழியே ஒரு ஆளைப் பார்க்கிறார்கள். ஒருவர் கறுப்பு உடை என்கிறார், மற்றவர் வெள்ளை என்கிறார். கதை சொல்லும் இளைஞன் கெட்டிக்காரத்தனமாகத் துப்புகளைக் கோத்து, தன் நண்பன் அகேசி கோகோரோதான் கொலைகாரன் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறான். அகேசி சிரிக்கிறான். நீ பார்த்த தடயம் எல்லாம் சரி, முடிவுதான் தவறு என்று விளக்குகிறான். அந்த அகேசிதான் பிறகு ஜப்பானின் புகழ்பெற்ற துப்பறிவாளன் ஆனான். அவன் அறிமுகமான முதல் கதையிலேயே அவன்மீது வீண்பழி!

போர்க்காலத்தில் துப்பறியும் கதைகளுக்கே கெட்ட காலம். போரில் கைகால் இழந்த ஒரு வீரனைப் பற்றி ரான்போ 1929-ல் எழுதிய கதையை 1939-ல் தணிக்கை நீக்கச் சொன்னது. போர் முடிந்தபின் மீண்டும் துளிர்த்தது. 1947-ல் துப்பறியும் எழுத்தாளர்களுக்குச் சங்கம் வைத்து, ரான்போவே தலைவர் ஆனார். பிறகு வந்தவர் மாட்சுமோடோ செய்ச்சோ. பள்ளிப் படிப்போடு வேலைக்குப் போன ஏழை வீட்டுப் பிள்ளை. 1957-ல் தொடங்கிய அவருடைய தொடர்கதையில், டோக்கியோ ஸ்டேஷனின் 13-ஆம் பிளாட்பாரத்தில் நின்றால் 15-ஆம் பிளாட்பாரத்து ரயில் தெரியும் நேரம் ஒரு நாளில் நான்கே நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில்தான் மர்மமே. 1960-ல் தொடங்கிய இன்னொரு நாவலில், மதுக்கடையில் காதில் விழுந்த வட்டார உச்சரிப்புதான் துப்பு. வடகிழக்குப் பேச்சு என்று நம்பி அந்தப் பக்கம் போய்த் தேடிய இன்ஸ்பெக்டர் வெறுங்கையோடு திரும்புகிறார். அவர் அவசரப்பட்டு யாரையும் அடிக்கவில்லை. மறுபடி யோசிக்கிறார்.

இப்போது என் கதை.

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எட்டாம் வகுப்பு. சுற்றுலாவுக்கு வசூலித்த பணத்தில் நாற்பது ரூபாய் குறைந்தது. எனக்கு உடனே ஒருவன்மேல் சந்தேகம். காரணம்? பாடப் புத்தகத்துக்குள் துப்பறியும் நாவலை வைத்துப் படிப்பவன். 'கொலை, கொள்ளைக் கதை படிக்கிறவன் இதுவும் செய்வான்' என்பது என் துப்பு. நாற்பது பிள்ளைகள் முன்னால் அவன் பையைக் கொட்டினேன். பணம் இல்லை. ஒரு மாத நாவல்தான் விழுந்தது. பிரம்பால் இரண்டு அடி கொடுத்துப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டேன். அவன் அடிக்கு அழவில்லை. "டீச்சர், அது வாடகைப் புக்கு டீச்சர், இன்னைக்கே திருப்பிக் குடுக்கணும்" என்றுதான் அழுதான்.

மறுநாள் அந்த நாற்பது ரூபாய் என் வருகைப் பதிவேட்டின் அட்டைக்குள் இருந்தது. நானே வைத்தது. தலைமையாசிரியரிடம் கணக்கு சரி என்று சொன்னேன். வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சரின் மரியாதை போய்விடும் என்று பயம். புத்தகத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை. எந்த முகத்தோடு தருவது? ஓய்வு பெற்ற அன்று பீரோவைக் காலி செய்தபோது அது கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்திருக்கிறேன்.

அப்பா, நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். என் பிறந்தநாளுக்கு வாழ்த்துகூடச் சொல்கிறாய். உன் பெயரை இங்கே எழுதவில்லை. அன்று உன்மேல் தப்பு இல்லை, என்மேல்தான். அதை நாற்பது பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். அந்த வகுப்பில் இருந்தவர்கள் பலர் இதைப் படிப்பார்கள் என்பதால்தான் இங்கே சொல்கிறேன். டீச்சரை மன்னித்துவிடு. வாடகை எவ்வளவு கட்டினாய் என்று சொல், கொடுத்துவிடுகிறேன். ஒருநாள் வீட்டுக்கு வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போ. கடைசிப் பக்கம் வரை நானும் படித்துவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பையைக் கொட்டுவதற்கு முன்னால் உங்கள் பதிவேட்டை ஒருமுறை திறந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்