பார்வேட்டைப் பாதை

தை முதல் நாள் இரவு, ஊரெல்லாம் பொங்கல் உண்ட மயக்கத்தில் கண்ணயரும் வேளையில், காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் தம் கோயிலை விட்டுத் தீவட்டி வெளிச்சத்தில் புறப்படுகிறார். ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை, வாலாஜாபாத் என்று வழிநெடுக உள்ள ஊர்களில் மண்டகப்படிகளை ஏற்றுக்கொண்டு, மறுநாள் மாட்டுப் பொங்கலன்று பழைய சீவரத்துக் குன்றின்மேல் இருக்கும் மண்டபத்தில் எழுந்தருளுகிறார். இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். இதற்குப் பார்வேட்டை உற்சவம் என்று பெயர்.

பெருமாள் நடக்கிறார் என்பது உபசார வழக்கு, நடப்பவர்கள் அவரைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகள். அவர்கள் செல்லும் செலவை நடை என்று சொல்வதுகூட முழு உண்மை ஆகாது. பாரம் சுமக்கிறவனுக்கு நிற்பதே பெரிய கஷ்டம். மெல்ல நடப்பது அதற்கு அடுத்த கஷ்டம். அடியைக் குறுக்கி வேகத்தைக் கூட்டி ஒரே தாளத்தில் அரை ஓட்டமாகப் போனால் தண்டு தோளில் குதிக்காமல் அமைந்திருக்கும். ஆகவே மண்டகப்படிக்கும் மண்டகப்படிக்கும் நடுவே, பார்ப்பவர் எவருமில்லாத இருட்டான சாலையில், அவர்கள் கால்கள் ஏறக்குறைய ஓடவே செய்கின்றன. குன்றில் ஏறும்போது கதை வேறு. முன்தண்டைப் பிடித்தவர்கள் அதைத் தோளிலிருந்து இறக்கிக் கைகளில் தாழ்த்திக்கொள்ள, பின்தண்டுக்காரர்கள் தோளுக்கும் மேலே தூக்கிப் பிடிக்க, சுவாமி மட்டும் சமதரையில் வீற்றிருப்பவர்போலச் சாயாமல் ஏறுகிறார். இறங்கும்போது இந்த உபாயம் அப்படியே தலைகீழாகிறது. இந்த வித்தையை ஏட்டில் எழுதி வைத்தவர் இல்லை. தகப்பன் தோளிலிருந்து மகன் தோளுக்கு வந்து சேர்ந்தது இது.

இந்தப் பிரதேசத்தை மலைநாடு என்று சொன்னால் நீலகிரிக்காரர் நகைப்பார். ஏரியும் கழனியும் பனந்தோப்புமாகப் பரந்து கிடக்கிற சமவெளியில், யாரோ கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனதுபோல அங்கங்கே கற்குன்றுகள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் அடிவாரத்தில் சூரையும் காரையும் கள்ளியும் மண்டிய காடு. நந்தி மலையில் பிறந்த பாலாறும், சவ்வாது மலையிலிருந்து வரும் செய்யாறும், காஞ்சியைத் தொட்டுக்கொண்டு வரும் வேகவதியும் சங்கமமாகும் இடம் திருமுக்கூடல். ஆற்றின் வடகரையில் பழைய சீவரத்துப் பத்மகிரி, தென்கரையில் திருமுக்கூடல், அதற்கும் தெற்கே, வைரமேக தடாகம் என்று பல்லவ அரசன் தந்திவர்மனின் பட்டப்பெயரைச் சூடிய பேரேரியோடு உத்திரமேரூர். மழைக்காலத்தில் சில நாள் வெள்ளம், மற்ற நாளெல்லாம் மணல் என்று கிடக்கிற ஆறு ஆகையால், ஓடத்தைக் காட்டிலும் காலுக்கே இங்கே வேலை அதிகம்.

பார்வேட்டை, பாரிவேட்டை, பரிவேட்டை என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். எது சரி என்ற வழக்கில் நான் இறங்கப் போவதில்லை. அரசன் ஆண்டுக்கொருமுறை காட்டுக்குள் புகுந்து துஷ்ட மிருகங்களை வேட்டையாடிக் குடிகளின் பயத்தைப் போக்குவதுபோல, தெய்வமும் வேட்டைக் கோலம் பூண்டு தன் எல்லைகளைச் சுற்றிப் பார்த்துவருவது இதன் தாத்பரியம். திருமலையில் மாட்டுப் பொங்கலன்றே மலையப்பர் பார்வேட்டை மண்டபத்துக்கு எழுந்தருளுவார். அகோபிலத்து நரசிம்மரோ ஏறக்குறைய 40 நாள் ஊர் ஊராகச் சுற்றிவருவார். காஞ்சி வரதருக்கு இன்னொரு காரணமும் சொல்லுவார்கள். அத்தி மரத்தாலான பழைய மூர்த்தியை அனந்தசரஸ் புஷ்கரணிக்குள் சேர்த்தபின், இப்போது மூலஸ்தானத்தில் நிற்கும் சிலாமூர்த்தியைப் பழைய சீவரத்திலிருந்தே கொண்டுவந்தார்கள் என்பது ஐதிகம். அப்படியானால் இது வேட்டை மட்டும் அன்று. பிறந்த வீட்டுக்குப் போய்வருவதுமாகும்.

பிற்பகலில் பெருமாள் குன்றிலிருந்து இறங்கி, பழைய சீவரத்து லக்ஷ்மி நரசிம்மரோடு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வருகிறார். அங்கே அப்பன் பிரசன்ன வேங்கடேசப் பெருமாள் காத்திருக்க, சாலவாக்கத்திலிருந்து ஸ்ரீநிவாசப் பெருமாளும் காவாந்தண்டலத்திலிருந்து லக்ஷ்மி நாராயணப் பெருமாளும் வந்து சேர, ஐந்து பெருமாள்களும் ஒருசேரக் காட்சி கொடுக்கிறார்கள். ஐந்து பெருமாள்கள் என்றால் ஐந்து கோஷ்டித் தோள்கள் என்று கணக்கிட வேண்டும். ஆற்றின் இரு கரையிலிருந்தும், ஏரிக்கரை வழியாகவும் குன்றோரம் வழியாகவும், வெவ்வேறு ஊர்களில் புறப்பட்ட பாதைகள் ஒரே மாலையில் ஓர் இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன.

இந்த வேங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில்தான் வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவ்விடத்தில் வேத பாடசாலையும், மாணாக்கர் விடுதியும், 15 படுக்கைகளைக் கொண்ட ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர்சாலையும் நடந்துவந்ததை அது விவரமாகச் சொல்கிறது. ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அஸ்வத்தாம பட்டன் என்ற வைத்தியரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சல்லியக்கிரியை செய்பவர், பணிப்பெண்கள், நாவிதர் ஆகியோரையும் விடவில்லை. சரித்திரக்காரர்கள் மருந்துகளின் பட்டியலில் மூழ்கிவிடுகிறார்கள்; எனக்கோ அந்தச் சாசனத்தில் பிடித்தவர்கள், மருந்துக்குரிய மூலிகைகளைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கென்று நியமிக்கப்பட்ட இருவர். வைத்தியர் கட்டிலருகே உட்கார்ந்து நாடி பார்க்க, அந்த இருவர் குன்றின் சரிவிலும் ஆற்றுப் படுகையிலும் புதர்க்காட்டிலும் அலைந்து, வாடுவதற்குள் பச்சிலையோடு திரும்பியாக வேண்டும். அவர்கள் பெயர் சாசனத்தில் இல்லை. ஆனாலும் காட்டுக்குப் போய்வருவது ஓர் உத்தியோகம் என்றும், அதற்கு ஆண்டு ஜீவிதம் உண்டு என்றும் ஓர் அரசாங்கம் கல்லில் வெட்டி ஒப்புக்கொண்டது சாமானிய காரியமன்று.

உத்திரமேரூர்ச் சாசனங்களைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. பராந்தக சோழன் காலத்தில் 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்ட அவற்றில், 30 குடும்புகளிலிருந்து குடவோலையால் வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்த முறையும், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்ற கணக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தச் சபை கூடுவதற்கு முன்னால் மன்னனுடைய ஸ்ரீமுகம் ஊருக்கு வந்து சேர்ந்தது என்பதையும், அரசன் பொருட்டு ஓர் அதிகாரி உடனிருந்தார் என்பதையும் சாசனங்களே கூறுகின்றன. அதிகாரியின் பெயர் உண்டு. ஓலையைச் சுமந்து வந்த கால்களைப் பற்றிப் பேச்சில்லை. சோழர் காலத்துப் பெருவழிகளில் ஒன்றான, தர்மபுரிப் பக்கத்து அதியமான் பெருவழியில் காதக் கணக்கை எழுத்தில் பொறித்த கல்லிலேயே, படிக்கத் தெரியாதவன் விரலால் தடவி எண்ணிக்கொள்ளும்படி குழிகளும் இட்டிருக்கிறார்கள். இரவில் ஓடுகிறவனை நினைத்துச் செய்த காரியம் அது என்று கருத எனக்கு விருப்பம்.

இதே வரதர் ஒருமுறை வேட்டைக் கோலமின்றி, வேட்டையாடப்பட்டவராகவும் காட்டுவழியில் போனதுண்டு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் முகலாயப் படை வரும் என்ற அச்சத்தால், உற்சவ விக்கிரகத்தைப் பிரேதம்போல் மூடிக் கட்டித் தூக்கிக்கொண்டு, தெற்கே தொலைவிலுள்ள உடையார்பாளையத்துக் காடுகளுக்குக் கொண்டுபோய் மறைத்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. ஆத்தான் ஜீயருடைய முயற்சியாலும் லாலா தோடர்மல் என்பவரின் உதவியாலும் 1710இல் பெருமாள் காஞ்சிக்குத் திரும்பியதைக் கோயிலில் உள்ள சாசனம் கூறுகிறது. வாத்தியமில்லை, குடையில்லை, தீவட்டியில்லை; தோள்கள் மட்டும் இருந்தன.

கும்பினியார் காலத்தில் கால்களுக்கு வேறு சுமை வந்தது. சென்னைக் கவர்னர் எட்வர்டு ஹாரிசன் 1712இல் வங்காளத்துக்குக் கடிதங்களைத் தரைமார்க்கமாக ஓட்டக்காரர்களைக் கொண்டு அனுப்பத் தொடங்கினார். 1786 ஜூன் முதல் தேதி, ஆர்ச்சிபால்டு காம்பெல் கவர்னராக இருந்தபோது சென்னைப் பெரிய தபாலாபீசு திறக்கப்பட்டது. தோல் பையைத் தோளில் மாட்டி, மணி கோத்த ஈட்டியைக் கையில் பிடித்து, ‘ஜல் ஜல்’ என்று ஓடிவந்த தபால்காரன், தன் தவணை முடியும் இடத்தில் அடுத்தவனிடம் பையைக் கொடுத்துவிட்டு எதிர்ப் பையோடு திரும்புவான். மணியோசை, பாம்பையும் மிருகத்தையும் விலக்குவதற்கும், எதிரே காத்திருப்பவனை எழுப்புவதற்கும் ஒருங்கே பயன்பட்டது. அரையணாத் தபால்தலை 1854 அக்டோபரில் வந்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் 1856 ஜூலையில் வந்தபின் பெருஞ்சாலைகளில் அவனுக்கு வேலை குறைந்தது. பிற்பாடு பாலாற்றின் வடகரையோரமாகச் செங்கற்பட்டு - அரக்கோணம் இருப்புப் பாதை போட்டபோது, பழைய சீவரத்துக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. தென்கரைக்குக் கிடைக்கவில்லை, உத்திரமேரூருக்கு இன்றுவரை ரயில் கிடையாது. ஆகவே அந்தப் பக்கத்துக் கிராமங்களின் கடிதங்கள், மற்ற ஊர்களைவிட நெடுநாள் மனிதக் காலையே நம்பியிருந்திருக்க வேண்டும்.

ஓலை சுமந்தவன் போய்விட்டான். பச்சிலை சுமந்தவன் போய்விட்டான். மணி கட்டிய ஈட்டியும் போய்விட்டது. பெருமாளைச் சுமக்கிறவர்கள் மாத்திரம் தங்கள் பாதையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆண்டுக்கு ஒருநாள் நடக்கும் உற்சவம் அதைக் காப்பாற்றித் தந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பத்மகிரி மண்டபத்தோடும் படிகளோடும் அப்படியே நிற்கிறது. பெருமாள் ஏறாத குன்றுகளுக்கு அந்தப் பாக்கியமில்லை: சாலவாக்கத்தைச் சுற்றியுள்ள குன்றுகளைக் கல்குவாரிகள் பாதியும் முக்காலுமாகத் தின்றுவிட்டன. ஆற்று மணல் போன இடம் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது விடியற்காலையில் இந்தப் பக்கத்துச் சாலைகளிலும் ஏரிக்கரைகளிலும் ஓடுகிற பிள்ளைகளைக் காண்கிறேன். போலீஸ் வேலைக்கான தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடியாக வேண்டுமாகையால், கையில் கடிகாரத்தோடு தார்ச்சாலையிலேயே போய்த் தார்ச்சாலையிலேயே திரும்புகிறார்கள். அவர்களிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. வருகிற மாட்டுப் பொங்கலுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாலவாக்கத்துப் பெருமாள் திருமுக்கூடலுக்கு வரும் வழியிலே ஓடிப்பாருங்கள். சுவாமி எந்தெந்த இடத்தில் நிற்பார், அந்த இடத்துக்கு என்ன பெயர், அங்கிருந்து முன்பு எந்தக் குன்று தெரிந்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.